காகத்தைப் படம் எடுக்கத் தெரியுமா?

குட்டீஸ், உங்களுக்கு ஒரு சவால்!

மயிலைப் படம் எடுப்பது பெரிய வித்தை இல்லை. அது தோகையை விரித்து நின்றால் யார் எடுத்தாலும் பார்ப்பவர்கள் "ஆஹா!" என்பார்கள். அந்த 'ஆஹா' மயிலுக்குத்தான், எடுத்தவருக்கு இல்லை. நீங்கள் ஒரு காகத்தை அழகாகப் படம் எடுத்துக் காட்டுங்கள், பார்க்கலாம்!

அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டு செல்போனை வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் காகத்தை ஒரு 'க்ளிக்' செய்யுங்கள். என்ன வந்திருக்கிறது? வெள்ளை வெளேர் என்று வானம். அதன் நடுவில் கரித்துண்டு மாதிரி ஒரு கறுப்பு உருவம். அதற்குக் கண் இருக்கிறதா, இல்லையா என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

போன் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். விலை உயர்ந்த கேமராவிலும் முதல் படம் பெரும்பாலும் இப்படித்தான் வரும். ஏன் தெரியுமா?

கேமரா போடும் தப்புக் கணக்கு

நம் கண் காகத்தைப் பார்க்கும்போது காகத்தை மட்டும் கவனிக்கும். கேமரா அப்படி இல்லை. படத்துக்குள் வரும் வெளிச்சம் முழுவதையும் கூட்டிக் கழித்து, மிக அதிகமும் இல்லாமல் மிகக் குறைவும் இல்லாமல், நடுத்தரமான ஒரு சாம்பல் நிற அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். படத்தில் வானம் பெரிது, காகம் சிறிது. "அடடா, வெளிச்சம் ரொம்ப அதிகமாக இருக்கிறதே!" என்று கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. வானம் சரியாகிவிடும், காகம் கரியாகிவிடும்!

கொக்கை எடுத்தால் இதற்கு நேர் எதிராக நடக்கும். இருண்ட குளத்து நீரில் வெள்ளைக் கொக்கு ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர் இருட்டாக இருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு, சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்துப் போகும். ஓர் இறகு கூடத் தனியாகத் தெரியாது.

இதைச் சரிசெய்ய ஒரு சுலபமான வழி இருக்கிறது. பெரும்பாலான செல்போன்களில், திரையில் பறவையின் மேல் விரலால் தொட்டால் பக்கத்தில் ஒரு குட்டிச் சூரியன் தோன்றும். அதை மேலே தள்ளினால் படம் வெளிச்சமாகும். கீழே தள்ளினால் இருட்டாகும். வானத்தின் முன் உட்கார்ந்த காகத்துக்கு மேலே. இருண்ட நீரில் நிற்கும் கொக்குக்குக் கீழே. கேமரா என்றால் அதில் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பட்டன் இருக்கும். அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்.

அதைவிடச் சுலபமான வழி, வானத்தைப் பின்னால் வைக்காமல் இருப்பதுதான்! இரண்டு அடி நகர்ந்து நின்றால், காகத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் வந்துவிடும். பச்சைப் பின்னணியில் அதே காகம் எப்படித் தெரிகிறது பாருங்கள்.

நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் பறவையின் முகத்தில் நிழல் விழும். காலை ஆறரையிலிருந்து எட்டரை மணி வரை வெயில் சாய்வாக, இதமாக விழும். மாலையில் நாலரைக்கு மேல் நல்லது. அப்போது ஒரு சின்னத் தந்திரம்: உங்கள் நிழல் தரையில் எந்தப் பக்கம் நீண்டு கிடக்கிறதோ, அந்தப் பக்கம் இருக்கும் பறவையை எடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். பறவை மேல் வெளிச்சம் நேராக விழும்.

இப்படி எடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். காகம் முழுக் கறுப்பே இல்லை! நம் வீட்டுக் காகத்தின் கழுத்து சாம்பல் நிறம். இறக்கையில் நீலமும் ஊதாவுமாக ஒரு மினுமினுப்பு ஓடும். தினமும் அதற்குச் சோறு வைக்கிற பாட்டிக்குக் கூட இந்தப் படத்தைக் காட்டினால் ஆச்சரியப்படுவார்.

கண்ணைப் பார்!

மனிதர்களோடு பேசும்போது முதலில் எங்கே பார்க்கிறோம்? கண்ணைத்தானே! படத்திலும் அப்படியே. வால் மங்கலாக இருந்தால் பரவாயில்லை. கால் மங்கலாக இருந்தாலும் மன்னித்துவிடலாம். கண் மங்கலாக இருந்தால் அந்தப் படம் அவ்வளவுதான். திரையில் விரல் வைக்கும்போது பறவையின் வயிற்றில் வைக்காமல் கண்ணில் வையுங்கள். கண்ணுக்குள் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி தெரியும்வரை காத்திருங்கள். பறவை தலையை லேசாகத் திருப்பினால் அது வரும். அந்தப் புள்ளி இல்லாத பறவை பொம்மை மாதிரி இருக்கும். புள்ளி வந்ததும் உயிர் வந்துவிடும்.

அடுத்தது உயரம். தரையில் மேயும் மைனாவை நாம் நின்றுகொண்டே எடுப்போம். படத்தில் மைனாவின் முதுகும் சிமென்ட் தரையும்தான் இருக்கும். நாம் மைனாவை எப்போதும் அப்படித்தானே பார்க்கிறோம்? அதில் புதுமை என்ன இருக்கிறது! மெதுவாக உட்காருங்கள். முடிந்தால் குப்புறப் படுத்துவிடுங்கள். (சட்டை அழுக்கானதற்கு வீட்டில் திட்டு விழுந்தால் நான் பொறுப்பில்லை.) கேமரா மைனாவின் கண் உயரத்துக்கு வந்ததும் உலகமே மாறிவிடும். புல் ஒரு காடு மாதிரி தெரியும். மைனா அதில் நடந்து வரும் ராஜா மாதிரி தெரியும். பின்னால் இருக்கும் தரையும் சுவரும் தூரத்துக்குப் போய் மங்கலாகிவிடும்.

பட்டனை அமுக்குவதற்கு முன் படத்தின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள். இதை யாருமே செய்வதில்லை! பறவையையே பார்த்துக்கொண்டிருப்போம். வீட்டுக்கு வந்து பார்த்தால் குருவியின் தலையில் மின்கம்பம் முளைத்திருக்கும். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி எட்டிப் பார்க்கும். வால் பாதியோடு நின்றிருக்கும். ஒரு காலடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் கம்பம் போயிருக்கும்.

பறவை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள். பறந்து போகும் கொக்கின் அலகுக்கு முன்னால் இடம் இல்லாவிட்டால், அது சுவரில் முட்டிக்கொள்ளப் போவது போல் தோன்றும். செல்போன் அமைப்புகளில் தேடினால் திரையில் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கோடுகள் வரச் செய்யலாம். 'எக்ஸ் - ஓ' விளையாட்டுக்குப் போடுவோமே, அந்தக் கட்டம்! கோடுகள் வெட்டிக்கொள்ளும் நான்கு இடங்களில் ஏதாவது ஒன்றில் பறவையை வைத்துப் பாருங்கள். நடுவில் வைப்பதைவிட நன்றாக இருக்கும். ஆனால் இது சட்டம் இல்லை. நேருக்கு நேர் முறைத்துப் பார்க்கும் ஆந்தையை நடுவில்தான் வைக்க வேண்டும். அமைதியான நீரில் நாரையும் அதன் பிம்பமும் தெரிந்தால், நீர்க்கோட்டை நடுவில் வைத்தால்தான் அழகு.

பெரிய லென்ஸ் இல்லையே!

"எங்களிடம் இருப்பது செல்போன்தான். பறவை எறும்பு மாதிரி தெரிகிறதே" என்று அலுத்துக்கொள்கிறீர்களா? இரண்டு விரலால் திரையை இழுத்து இழுத்துப் பெரிதாக்காதீர்கள். ஓர் அளவுக்கு மேல் போனால், போன் படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுகிறது, அவ்வளவுதான். பறவை கட்டம் கட்டமாக உடைந்து போகும்.

பறவை சிறியதாக இருப்பது குறையா, என்ன? செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் வேடந்தாங்கலுக்குப் போயிருக்கிறீர்களா? ஏரித் தண்ணீருக்குள்ளேயே மரங்கள் நிற்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்த மரங்களில் இலையைவிடப் பறவைதான் அதிகமோ என்று தோன்றும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன் என்று ஒரே கூச்சல்! பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் கரையில் நின்று ஒரே ஒரு நாரையின் அலகை எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மரத்தையே எடுங்கள். மேல் கிளை முதல் கீழ்க் கிளை வரை அடுக்ககம் மாதிரி எத்தனை குடும்பங்கள், கீழே தண்ணீர், மேலே இறங்கி வரும் ஒரு பறவை! அந்தப் பறவைகள் எப்படி வாழ்கின்றன என்பதை, அலகுப் படத்தைவிட இந்தப் படம்தான் அதிகமாகச் சொல்லும்.

சூரியன் மறையும் நேரத்தில் இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். அப்போது மட்டும் முதலில் சொன்னதைத் தலைகீழாகச் செய்யலாம். சூரியனைப் பார்த்து நின்று, பறவை கறுப்பு நிழலாகவே வரும்படி எடுக்கலாம். குட்டிச் சூரியனைக் கீழே தள்ளுங்கள். வானம் செக்கச் செவேலென்று வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நிழல் படத்தில் பறவையின் வடிவம் மட்டும்தான் இருக்கும். அதனால் இரண்டு பறவைகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல், அலகும் காலும் தனித்தனியாகத் தெரியும் நொடியில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு காலும் இரண்டு தலையுமாக ஏதோ ஒரு பூதம் வரும்!

பெரிய கருவி இல்லாமலே சாதித்த ஒருவர் நம் ஊரிலேயே இருந்தார். எழுத்தாளர் அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணன். 1912-இல் பிறந்தவர். இந்தியக் காடுகளில் யானை, காட்டெருமை, பறவைகள் என்று சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். எல்லாம் கறுப்பு வெள்ளைதான். கடையில் கிடைத்த கேமரா அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரு கேமராவின் உடல், வேறொன்றின் லென்ஸ், இன்னொன்றின் பாகம் என்று சேர்த்துக் கட்டித் தானே ஒரு கேமரா செய்துகொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று ஒரு செல்லப் பெயர் வேறு! பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1950-இல் கொல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகையில் இயற்கை பற்றி ஒரு தொடர் எழுதத் தொடங்கியவர், 1996-இல் இறக்கும் வரை நிறுத்தவே இல்லை. அவர் காலத்தில் பிலிம் சுருளில்தான் படம் எடுக்க முடியும். எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று அங்கேயே பார்க்க முடியாது. கழுவிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் விலங்கின் பழக்கங்களைத் தெரிந்துகொண்டு, யோசித்துத்தான் பட்டனை அமுக்க வேண்டும்.

அடுத்து என்ன செய்யப் போகிறது?

நாம் இன்று ஒரே நிமிடத்தில் நூறு படம் எடுத்துவிடுகிறோம். ஆனால் பறவை அடுத்து என்ன செய்யும் என்று தெரியாவிட்டால், அந்த நூறும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இரட்டைவால் குருவி என்று சொல்லும் கரிச்சானைப் பாருங்கள். மின்கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடிக்கும். பிறகு பெரும்பாலும் அதே கம்பிக்கு, கிட்டத்தட்ட அதே இடத்துக்கே திரும்பும். நீங்கள் அதைத் துரத்த வேண்டாம். காலியான கம்பியைப் பார்த்துத் தயாராக இருந்தால் போதும், அதுவே வரும்! பஞ்சுருட்டான் தேனீயைப் பிடித்தால் அப்படியே விழுங்காது. கிளையில் அடித்து, தேய்த்து, கொடுக்கை எடுத்த பிறகுதான் சாப்பிடும். உங்களுக்குச் சில நொடிகள் கிடைக்கும். நீர்க்காகம் மீன் பிடித்துவிட்டு வந்தால் இறக்கையை விரித்துக் காயவைக்கும். அது துணி காய்கிற மாதிரி நிதானமாக நிற்கும், அவசரமே வேண்டாம்.

பறவை எப்போது பறக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது. பல பறவைகள் பறப்பதற்குச் சற்று முன் எச்சம் போடும்! பிறகு உடலை முன்னால் சாய்க்கும். எச்சம் விழுந்ததும் விரலைப் பட்டனில் வைத்துத் தயாராகுங்கள். கேமராவில் எடுப்பவர்கள் ஷட்டர் வேகத்தை நொடியில் 1000-இல் ஒரு பங்குக்கு வைத்துக்கொண்டால், அடிக்கும் இறக்கை கூட அசையாமல் நிற்கும்.

ஸ்காட்லாந்தில் ஆலன் மெக்ஃபேடியன் என்பவருக்கு ஓர் ஆசை. மீன்கொத்தி தலைகீழாக நீரில் பாயும்போது அதன் அலகு நுனி தண்ணீரைத் தொடும் நொடியை, ஒரு துளி கூடத் தெறிக்காமல் எடுக்க வேண்டும் என்று நினைத்தார். 2015-இல் அது கிடைத்தது. அதற்கு ஆறு வருடம், 4,200 மணி நேரம், 7 லட்சத்து 20 ஆயிரம் படங்கள் ஆயின என்று அவரே கணக்குச் சொன்னார்! அந்த மீன்கொத்தி அதிசயப் பறவை ஒன்றும் இல்லை. நம் ஊர் வாய்க்காலிலும் குளத்திலும் இருக்கும் அதே சிறிய நீல மீன்கொத்திதான்.

கூட்டுக்குப் பக்கத்தில் போகாதே!

இங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள். பறவைக் கூடு கண்ணில் பட்டால் எல்லோருக்கும் கை பரபரக்கும். குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு இருப்பதை எடுத்தால் எல்லோரும் பாராட்டுவார்கள் என்று தோன்றும்.

தோட்டத்துச் செடியில் தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் தாயும் தந்தையும் உள்ளே வராது. தூரத்தில் 'ட்விட் ட்விட்' என்று கத்திக்கொண்டே இருக்கும். குஞ்சுகளுக்கு ஒரு மணி நேரத்தில் பல தடவை தீனி வேண்டும். நீங்கள் அரை மணி நேரம் நின்றால் அத்தனை நேரமும் பட்டினி. படம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று மறைக்கும் இலையை ஒடித்தால் இன்னும் ஆபத்து. அந்த இலைதான் குஞ்சுகளுக்குக் கூரை. வெயில் நேரே விழும். இதையெல்லாம் மேலே ஒருவர் கவனித்துக்கொண்டிருப்பார். யார்? நம்ம காகம்தான்! மனிதர்கள் எதை உற்றுப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பதில் அது மகா கெட்டி. நீங்கள் போனதும் அது அங்கே வரலாம்.

இது நல்ல பழக்கம், கெட்ட பழக்கம் என்பதோடு முடிவதில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதை 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. துப்பாக்கியே வேண்டாம், கேமரா போதும்!

பறவைக்கு மட்டும்தான் ஆபத்து என்றும் சொல்ல முடியாது. எரிக் ஹாஸ்கிங் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பறவைப் படக்காரர். 1937-இல் வேல்ஸ் பகுதியில் ஓர் ஆந்தைக் கூட்டின் அருகே மறைவிடம் அமைத்திருந்தார். இரவில் அதற்குள் போகும்போது ஆந்தை சத்தமே இல்லாமல் பாய்ந்து முகத்தில் கீறியது. அவருடைய இடது கண் போயிற்று. குஞ்சுகளைக் காப்பாற்ற நினைத்த ஆந்தையின் மேல் என்ன தப்பு? ஹாஸ்கிங்கும் படம் எடுப்பதை விடவில்லை. ஒற்றைக் கண்ணோடு பல வருடங்கள் பறவைகளைப் படம் எடுத்து, 1991-இல் இறந்தார்.

எவ்வளவு கிட்டே போகலாம் என்று பறவையே சொல்லும். இரை தின்றுகொண்டிருந்தது நிறுத்திவிட்டு உங்களையே பார்க்கிறதா? அதுதான் எல்லைக்கோடு. அங்கேயே நில்லுங்கள். கல்லெறிந்து பறக்க வைப்பது, ஆந்தையின் கண்ணில் பிளாஷ் அடிப்பது, போனில் பறவைக் குரலைப் போட்டு ஏமாற்றி வரவழைப்பது... இதெல்லாம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு சேர வேண்டாம்.

கம்ப்யூட்டர் முன்னால்

சரி, படம் எடுத்தாகிவிட்டது. முதல் வேலை, வெட்டுவதும் ஒட்டுவதும் இல்லை, தூக்கிப் போடுவது! நூறு படம் எடுத்திருந்தால் ஐந்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண் மங்கலா? போகட்டும். வால் வெட்டுப்பட்டதா? போகட்டும். ஒரே மாதிரி பத்து இருக்கிறதா? தலை நன்றாகத் திரும்பியிருப்பது எதுவோ அது மட்டும் இருக்கட்டும். "இதை எடுக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா!" என்று மனசு கெஞ்சும். பார்ப்பவருக்கு உங்கள் கஷ்டம் தெரியாது, படம் மட்டும்தான் தெரியும். முடிந்தால் இரண்டு நாள் கழித்துத் தேர்ந்தெடுங்கள். அல்லது தம்பி, தங்கையிடம் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். சின்னக் குழந்தைகள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்!

அடுத்து, சாய்ந்திருந்தால் நிமிர்த்துங்கள். ஏரித் தண்ணீர் ஒரு பக்கம் வழிந்து ஓடுவது போல் இருக்கும் படங்கள் எத்தனை! பிறகு ஓரங்களை வெட்டலாம். இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் படம் 12 மெகாபிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி வெட்டினால் மீதி 6 மெகாபிக்சல் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, 3 மெகாபிக்சல்தான்! ஒரு சப்பாத்தியை நெடுக்கே பாதியாக வெட்டி, குறுக்கேயும் பாதியாக வெட்டினால் கால் பங்குதானே மிஞ்சும்? அதைத் தெளிவாக அச்சடிக்க வேண்டுமானால் தபால் அட்டையைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் அடிக்க முடியும். அதனால் எடுக்கும்போதே சரியாக எடுப்பதுதான் லாபம்.

வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். கேமரா போட்ட தப்புக் கணக்கைத் திருத்துகிறோம், அவ்வளவுதானே? நிறத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நிறத்தைக் கூட்டும் பட்டனைக் கண்டதும் கை நிற்காது. பச்சைக் கிளி ரேடியம் ஸ்டிக்கர் மாதிரி ஆகிவிடும். ஒரு சோதனை சொல்கிறேன்: இந்த நிறத்தை நீங்கள் அந்தப் பறவையிடம் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் குறையுங்கள். தெளிவைக் கூட்டும் பட்டனும் அப்படியே. அளவு மீறினால் பறவையைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். கத்தரித்து ஒட்டிய மாதிரி இருக்கும். மங்கலாக எடுத்த படத்தை எந்தப் பட்டனும் காப்பாற்றாது.

முகத்தை மறைக்கும் கிளையை அழிக்கலாமா? குருவிக்குப் பின்னால் பெரிய நிலாவை ஒட்டலாமா? நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டினால், அது ஓவியம். "நான் கம்ப்யூட்டரில் செய்தது" என்று சொல்லிவிட்டு எத்தனை நிலா வேண்டுமானாலும் ஒட்டி விளையாடுங்கள். "நான் பார்த்தது" என்று சொல்லித்தான் ஒட்டக் கூடாது.

ஓநாய் ஏறிய வேலி

இந்த விஷயத்தில் உலகமே பேசிய இரண்டு கதைகள் உண்டு. லண்டனில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வருடா வருடம் வன உயிர்ப் படப் போட்டி நடத்துகிறது. 2009-இல் ஸ்பெயின் நாட்டுக்காரர் ஒருவரின் படத்துக்கு முதல் பரிசு, 10,000 பவுண்டு! இரவு நேரத்தில் ஓர் ஓநாய் மர வேலியைத் தாண்டிக் குதிக்கும் படம். அற்புதமான படம்தான். ஆனால் விஷயம் தெரிந்தவர்களுக்கு ஒரு சந்தேகம். வேலியின் சட்டங்களுக்கு நடுவில் இடைவெளி இருக்கிறதே! காட்டு ஓநாய் அதற்குள் நுழைந்து போகாமல், சர்க்கஸ் மாதிரி ஏன் தாண்ட வேண்டும்? விசாரித்தார்கள். அது பூங்காவில் வளர்ந்த, மனிதருக்குப் பழகிய ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள். படம் எடுத்தவர் மறுத்தார். ஆனாலும் 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. 2017 போட்டியில், பிரேசில் நாட்டுக் காட்டில் ஒளிரும் கரையான் புற்றை நோக்கி எறும்புத்தின்னி ஒன்று வரும் படம் பரிசு பெற்றது. கொஞ்ச நாளில் ஒரு தகவல் வந்தது. அந்தத் தேசியப் பூங்காவின் வாசலில் பார்வையாளர்களுக்காகப் பாடம் செய்து வைத்திருக்கும் எறும்புத்தின்னியும் இதே மாதிரி இருக்கிறதே என்று! ஐந்து விஞ்ஞானிகள் தனித்தனியாக இரண்டையும் ஒப்பிட்டார்கள். உடலின் வரிகள், முடிக் கொத்துகள், நிற்கும் நிலை எல்லாம் ஒன்றேதான் என்றார்கள். இவரும் மறுத்தார். 2018 ஏப்ரலில் அந்தப் பரிசும் போயிற்று.

கவனித்தீர்களா? இரண்டிலும் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டியதாக யாரும் குற்றம் சொல்லவில்லை. லென்ஸுக்கு முன்னால் நின்றது நிஜக் காட்டு விலங்கா என்பதுதான் கேள்வி. இன்றைக்கு லென்ஸே தேவையில்லை. நாலு வார்த்தை தட்டினால் செயற்கை நுண்ணறிவு இல்லாத பறவையைக் கூட வரைந்து கொடுத்துவிடும். அதனால், நிஜமாகவே போய்ப் பார்த்து எடுத்த ஒரு சாதாரணப் படத்துக்கும் இப்போது மதிப்பு கூடியிருக்கிறது.

அப்படி எடுத்த படத்தோடு மூன்று விவரங்களை எழுதி வையுங்கள்: பறவையின் பெயர், இடம், தேதி. பெயர் தெரியாவிட்டால் ஆசிரியரிடம் கேளுங்கள், அல்லது பறவைப் புத்தகத்தில் தேடுங்கள். கழுத்து நிறம், கால் நிறம் எல்லாம் படத்தில் இருக்குமே, கண்டுபிடித்துவிடலாம்.

அந்தப் படத்துக்கு ஒரு வேலையும் காத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு வருடமும் பொங்கல் விடுமுறையில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். வீட்டு வாசல், வயல், ஏரிக்கரை என்று ஏதாவது ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எல்லாம் எண்ணி, 'இ-பேர்ட்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பறவை என்று சந்தேகம் வந்தால், எண்ணிக்கையோடு உங்கள் படத்தையும் சேர்த்துப் பதிவேற்றலாம். கரும்பு கடித்துக்கொண்டே எண்ணலாம், தப்பில்லை. கையை மட்டும் துடைத்துவிட்டு கேமராவைத் தொடுங்கள்!